எதிர்காற்றில் ஒரு நாள்: பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் வரை

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 3

பொங்கல் விடுமுறையில் நானும் மனைவியும் புதுச்சேரியிலிருந்து கோடியக்கரைக்கு சைக்கிளில் போய் வரலாம் என்று இருக்கிறோம். கூடாரம் வாங்கியாச்சு. தினமும் 80 கி.மீ. ரெண்டு பேரும் ஓட்டிவிடுவோம். வழி முழுக்க சமதரை, ஒரு மேடுகூட கிடையாது, அதனால் சிரமமே இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 3, இரவு 9.40

மேடு இல்லை என்பது சரி. சிரமம் இருக்காது என்பது சரியில்லை.

நானும் வீட்டுக்காரரும் போன தை மாதம் இதே வழியில் போய் வந்தோம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிளம்பி கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்கரை. போக மட்டும் ஏறக்குறைய 200 கி.மீ. நான்கு நாளில் போனோம், சந்தோஷமாகப் போனோம். திரும்பும்போது மூன்றாம் நாள்தான் சோதனை. பரங்கிப்பேட்டையிலிருந்து வீட்டுக்கு 65 கி.மீ. சொச்சம், எங்கள் பயணத்தில் அது ஒன்றும் பெரிய தூரமே இல்லை. அன்றைக்கு நாங்கள் வீடு போய்ச் சேரவில்லை.

காரணம் காற்று. மார்கழி, தையில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடக்கிலிருந்து வருவதை மீனவர்கள் வாடை என்பார்கள், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும், நமக்குக் கால் நன்றாகப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று வலது தோளிலும் முகத்திலும் நாள் முழுக்க அறையும். நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்றால், காற்றே இல்லாத நாளில் 30-ல் ஓட்டினால் நெஞ்சில் என்ன அழுத்தம் இருக்குமோ அது இருக்கும். மேட்டுக்காவது ஒரு முடிவு உண்டு, ஏறினால் இறக்கம் வரும்.

80-ஐ விடுங்கள். போகும்போது 55, திரும்பும்போது 40 என்று வையுங்கள்.

ஜனவரி 4, காலை 7.15

நேற்று காற்றை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்கு எங்களை உட்கார வைத்தது முள்.

பி.முட்லூர் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே எனக்குக் கால் கனத்துவிட்டது. அப்போது நான்கு வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது, புழுதி, லாரி, நிழலே இல்லை. கடல் பக்கமாகப் போனால் மரம் இருக்கும் என்று புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு மண் தடத்தில் இறங்கினோம். மரம் இருந்தது. சீமைக்கருவேலம். அரை கிலோமீட்டர் போவதற்குள் என் சைக்கிளின் இரண்டு சக்கரமும் அவருடைய முன் சக்கரமும் உட்கார்ந்துவிட்டன.

நான் சைக்கிள் கடைக்காரர் மகள். அப்பா திருப்பாப்புலியூரில் கடை வைத்திருந்தார், பத்து வயதில் நான் பஞ்சர் ஒட்டுவேன். அதனால் பயப்படவில்லை, பையை இறக்கி, டயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் டியூபைப் பிதுக்கினால் ஒன்றும் வரவில்லை. வேதாரண்யத்தில் ஒரு முறை திறந்தது, மூடியை நான் சரியாகத் திருகவில்லை, உள்ளே எல்லாம் காய்ந்து ரப்பர் ஆகிவிட்டது. அப்பா கடையில் ஒரு நாளில் ஒரு டியூப் தீர்ந்துவிடும், அதனால் அங்கே அது காய்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆக, திறக்காத சின்ன சொல்யூஷன் டியூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுமையோடு இரண்டு சைக்கிளையும் மணலில் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து, பஞ்சர் கடை தேடிப் பிடித்தபோது பன்னிரண்டரை.

ஜனவரி 4, மதியம் 1.05

வால்வ் பற்றிக் கேட்டவருக்கு.

என் சைக்கிள் சாதாரண 26 இன்ச், வால்வ் டியூப் போடுகிற பழைய வால்வ். எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம், வால்வ் டியூப் இத்துப்போனால் சில்லறைக் காசுக்குப் புதிது கிடைக்கும். வீட்டுக்காரருடையது கியர் சைக்கிள், மூக்கு மெலிந்த வால்வ். அதற்குக் கடை பம்ப் பிடிக்காது, நடுவில் ஒரு பித்தளைத் திருகு வேண்டும். எங்களிடம் இருந்தது, அன்றைக்குப் பார்த்துக் காணவில்லை.

கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்தத் தடத்துல ஆடே காலைப் பார்த்துதான் வைக்கும், நீ சைக்கிளை விட்டியா" என்றார். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பார்த்தால் என் பின் சக்கரத்தில் மட்டும் ஐந்து இடத்தில் குமிழ். டயருக்குள் முள் மிச்சம் இருக்கிறதா என்று அவர் விரலை விட்டுத் தேடவில்லை, ஒரு பழைய பருத்தித் துணியை உள்ளே வைத்து ஒரு சுற்று இழுத்தார், துணி மாட்டுகிற இடத்தில் முள். விரலால் தேடினால் விரல் கிழியும், முனை ஒடிந்து உள்ளே இருப்பதும் தெரியாது. எங்கள் அப்பா கடையில்கூட நான் இதைப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரரின் முன் டியூப் வால்வ் அடியிலேயே கிழிந்திருந்தது, ஒட்ட முடியாத இடம். பெரியவரிடம் இருந்தது 28 இன்ச் நாட்டு டியூப். வால்வ் தடிமன் அதிகம், ரிம் ஓட்டையில் நுழையாது. எலிவால் அரத்தை எடுத்துப் பத்து நிமிடம் ராவி ஓட்டையைப் பெரிதாக்கி, ஓரத்தில் பிசிறு இல்லாமல் தேய்த்து, டியூபை மாட்டிவிட்டார். கொஞ்சம் பெரிய டியூப்தான், ஆனால் சுருக்கம் விழாமல் சீராகப் பரப்பினார். அந்தச் சக்கரம் இன்றுவரை அந்த டியூபில்தான் ஓடுகிறது. இவ்வளவுக்கும் அவர் கேட்ட கூலியை எழுதினால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் கூடக் கொடுத்ததை வாங்கவைக்கப் பெரும்பாடு.

இரண்டு சைக்கிளுக்கும் ஒரே வகை வால்வ் இருந்தால் நல்லது.

ஜனவரி 4, இரவு 10.50

நடந்தது இவ்வளவுதான் என்றால் அது கஷ்டமான நாளே இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன். கேட்டவர் மனைவியோடு போகிறார், அதனால் எழுதுகிறேன்.

பஞ்சர் கடையை விட்டுக் கிளம்பும்போது ரெண்டேகால் மணி. காலையிலிருந்து வயிற்றில் இரண்டு டீ, ஒரு பன், ஒரு வடை. ஆலப்பாக்கம் போய்ச் சாப்பிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். பத்து கி.மீ.கூட இருக்காது. காற்று அப்போதுதான் முழு வேகத்தில் இருந்தது. முன்னால் போகிறவர் காற்றை உடைத்தால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் நன்றாகக் குறையும், மாறி மாறி முன்னால் போவது எங்கள் வழக்கம். அந்த நேரம் நான் முன்னால். தலையைக் குனிந்துகொண்டு முன் சக்கரத்தை மட்டும் பார்த்து மிதிக்கிறேன். பின்னாலிருந்து அவர் சொன்னது காதில் விழுந்தது: "முடியலன்னா ஏதாவது வண்டியில ஏறிடு."

ஆறு நாளாக அவருக்குச் சமமாக மிதித்திருக்கிறேன். கூடாரம் என் கேரியரில்தான் இருந்தது, காலையில் ஈரத்தோடு சுருட்டியதால் இரட்டைக் கனம். என்னை ஏறச் சொல்கிறார். நான் பதில் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டினேன், அந்த எதிர்காற்றில், தொடை எரிய எரிய. ஆலப்பாக்கம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, புழுதி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சோறு முன்னால் வந்தபோதுகூட நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, இது சண்டைகூட இல்லை, ஆனால் இதுதான் வலித்தது.

ஜனவரி 5, காலை 6.30

வீட்டுக்காரர் ராத்திரி இதைப் படித்துவிட்டார். பல் விளக்கிக்கொண்டே வந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார்.

அவர் சொன்னது, "ஏதாவது வண்டியில ஏறிடுவோம்." முடியாமல் போனது அவருக்கு. முட்டி வலி காலையிலிருந்து இருந்திருக்கிறது, சொல்லத் தயங்கி, கடைசியில் சொன்னது அது. "முடியலன்னா" என்று நான் கேட்டதும் "முடியல" என்பதுதான்.

ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் இதைப் பேசுகிறோம். நான் முன்னால், அவர் பின்னால், காற்று என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் அடிக்கிறது. அவர் பேச்சு என் காதுக்கு எதிர்காற்றில் வரவேண்டும். நம் மொழியில் யார் செய்கிறார்கள் என்பது வினையின் வாலில்தானே இருக்கிறது, அந்த வாலைக் காற்று தின்றுவிட்டது. ஏறிடு, ஏறிடுவோம். மிச்சத்தைப் பசி நிரப்பிக்கொண்டது.

நேற்று எழுதியதை அழிக்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டது அதுதான். ஆனால் அவர் சொன்னது வேறு.

ஜனவரி 5, காலை 11.20

இதன் தொடர்ச்சி. அதற்கப்புறம் ஓட்டிக்கொண்டே பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம். மணி ஒரு முறை அடித்தால் நில், இரண்டு முறை அடித்தால் பின்னால் லாரி. மற்றதெல்லாம் காலைத் தரையில் ஊன்றிய பிறகு, முகத்தைப் பார்த்து.

ஜனவரி 5, இரவு 8.00

வண்டியில் ஏறுவது தோல்வி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஆமாம், கடைசியில் நாங்கள் ஒரு குட்டியானையில் ஏறினோம். சாப்பிட்டு முடித்து ஐந்தேகால் மணிக்கு, ஆலப்பாக்கத்தில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த வண்டி. இரண்டு சைக்கிளையும் படுக்க வைத்து, நடுவில் ஈரக் கூடாரத்தை முட்டுக் கொடுத்து, கடலூர் முதுநகரில் இறங்கினோம்.)

எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கடலூருக்குத் தெற்கே தொழிற்சாலைகள் இருக்கிற பகுதியில் டேங்கர் லாரி அதிகம், இருட்டில் அவ்வளவு களைப்போடு அங்கே சைக்கிள் ஓட்டுவதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன். வருத்தம் ஒன்றே ஒன்றுதான். மூன்று மணிக்கே ஏறியிருக்கலாம். ஏறிடுவோம் என்பது சரியாகக் காதில் விழுந்திருந்தால் ஏறியிருப்போம், அவர் முட்டி அடுத்த பத்து நாள் வீங்கியிருக்காது.

முழுத் தூரமும் மிதித்தால்தான் பயணம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பெடுக்க வேதாரண்யம் போனவர்கள் திருச்சியில் ஏப்ரல் 13 கிளம்பி 28-ஆம் தேதி சேர்ந்தார்கள். ஏறக்குறைய 240 கி.மீ., ஒரு நாளைக்கு 15, 16 கி.மீ.தான். நடக்கத் தெம்பில்லாமல் அல்ல, வழியில் ஊர் ஊராகத் தங்கிப் பேசிப் போக வேண்டும் என்பதற்காக. வேதாரண்யத்தில் அந்த உப்பு நினைவுத்தூண் முன்னால் நின்றபோது நாங்கள் இருவரும் இந்தக் கணக்கைத்தான் போட்டோம். நாம் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம் என்று கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து பரங்கிப்பேட்டையில் 65-ஐ ஒரே மூச்சில் முடிக்கத் திட்டம் போட்டோம்.

ஜனவரி 6, இரவு 9.15

முதலில் காற்று என்றேன், அப்புறம் முள் என்றேன், அப்புறம் பேச்சு. இன்று காய்கறி நறுக்கும்போது பின்னோக்கி யோசித்துக்கொண்டே போனேன், அந்த நாள் முந்தின சாயங்காலமே கெட்டுவிட்டது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் கூடாரம் போட்டோம். தென்னைக்கு அடியில் போடக்கூடாது, காயோ மட்டையோ விழுந்தால் உயிர் போகும். ஓரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அங்கே போடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். திறந்த வெளியில் போட்டால் நட்சத்திரம் தெரியும் என்று நான் கேட்டேன். அவ்வளவு நட்சத்திரத்தை முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் பார்க்க முடியாது. பார்த்தோம், மனசு நிறைந்தது.

ஆனால் தைப் பனி திறந்த வெளியில்தான் கொட்டும். மரத்தடியில் குறைவு, மேலே இலை மூடியிருப்பதால் அடியில் சூடு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. விடியற்காலை கூடாரத் துணி பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஈரம். வெயில் ஏறிக் காயட்டும் என்று காத்திருந்தோம், எட்டே முக்கால் வரை, அப்பவும் காயவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் காற்று எழுவதற்குள் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். லேட்டாகிவிட்டதால் காலை இட்லியைத் தள்ளிப்போட்டோம். பசியும் வெயிலும் சேர்ந்ததால் நிழல் தேடித் தடத்தில் இறங்கினோம், அங்கே முள். எல்லாம் கோத்தாற்போல வந்தது.

அதனால் இனிமேல் நட்சத்திரம் பார்க்க மாட்டேன் என்று இல்லை. ராத்திரி பாய் போட்டு வெளியே படுத்துப் பார்த்துவிட்டு, தூங்க மரத்தடிக்குப் போவேன்.

ஜனவரி 7, காலை 10.10

சாலையோரம் ஏன் நிழலே இல்லை என்று கேட்டவருக்கு. சாலையை அகலமாக்க வெட்டியது ஒரு பங்கு. அதற்கு முன்பே தானே புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் கூண்டோடு சாய்ந்தன. அம்மா வீட்டுப் பலாமரம் கிணற்றின் மேல் விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன். பலா வைத்து வளர்க்கப் பல வருஷம் ஆகும், சாலையோரப் புளியமரத்துக்கு ஒரு தலைமுறை. சவுக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது, தோப்புத் தோப்பாக நிற்கிறது, ஆனால் சவுக்கு நிழல் மெல்லிசு.

ஜனவரி 8, மதியம் 3.30

எங்கே கூடாரம் போடுவது, கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பெண்கள் மூன்று பேர் கேட்டிருப்பதால் இது.

மீனவர் ஊரில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துக் கூடாரம் அடிக்காதீர்கள். வலை காயப்போடும் இடம், படகு இழுக்கும் தடம் என்று ஒவ்வொரு சாணுக்கும் ஒரு வேலை இருக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கே ஆள் வந்துவிடும். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேளுங்கள், அவர்கள் காட்டும் இடத்தில் போடுங்கள். பெரும்பாலும் கோயில் பக்கத்தில் ஒரு இடம் காட்டுவார்கள். நான் முதலில் வீட்டு வாசலில் இருக்கிற பெண்களிடம்தான் கேட்பேன், ராத்திரி கழிப்பறைக்கு எங்கே போவது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பகலில் பெட்ரோல் பங்க். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நான் முதல் நாள் அப்படிச் செய்து இரவெல்லாம் தலைவலியில் கிடந்தேன்.

கோடியக்கரையில் காடு வனத்துறை பொறுப்பில் இருக்கிறது. நாங்கள் வேதாரண்யத்தில் அறை எடுத்து, காலையில் போய் வெளிமானும் பூநாரையும் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜனவரி 8, இரவு 9.00

விட்டுப்போனது. அன்றிரவு முதுநகரில் ஒரு சின்ன லாட்ஜ். மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்துக் காயப்போட்டு, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். பரோட்டா வாங்கி வந்து மாடியிலேயே சாப்பிட்டோம். அவர் முட்டிக்கு நான் தைலம் தேய்த்தேன், ஒன்றும் பேசவில்லை, ஆனால் கோபம் இல்லை. மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பி, கெடிலம் தாண்டி, தென்பெண்ணைப் பாலத்தில் நின்று டீ குடித்து (பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டது), ஒன்பதுக்குள் வீடு. காற்றே இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, மரத்தில் இலை அசையவில்லை.

ஜனவரி 11, காலை 7.40

கேள்வி கேட்டவரின் மனைவி நேற்று எழுதியிருக்கிறார். இத்தனை நாள் அவர் பேசவே இல்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. தன்னால் ஒரு நாளைக்கு 45 முடியும், 80 என்று கணக்குப் போட்டது யார் என்று தெரியவில்லை, கூடார வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிறார்.

அம்மா, 45 நல்ல தூரம். இரண்டு பேரும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது இன்னும் குறையுங்கள். கூடாரத்தின் முதுகு வடகிழக்கைப் பார்க்கட்டும், வாசல் தென்மேற்கில். முளையைக் காற்று வரும் பக்கம் முதலில் அடியுங்கள், மணலில் முளை நிற்காவிட்டால் துணிப்பையில் மணல் கட்டிப் புதையுங்கள். காலையில் எழுந்ததும் துணியை உதறிவிட்டுச் சுருட்டிக் கிளம்பிவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் அரை மணி விரித்தால் காய்ந்துவிடும்.

பித்தளைத் திருகு கிடைத்துவிட்டது. கூடாரப் பையின் அடியில், முளை உறைக்குள் இருந்தது. உங்கள் இரண்டு சைக்கிளிலும் எந்த வால்வ் என்று எழுதுங்கள், வேண்டுமென்றால் கிளம்புகிற அன்று முத்தியால்பேட்டை வழியாக வந்து வாங்கிக்கொள்ளலாம்.